வால்பாறைக்கு ஒரு கணக்கு அட்டை

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கிறது; மருந்துக்கடைவரை அவளே நடந்து போய் வருகிறாள்.

வியாழக்கிழமை இரவு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்துவிட்டது. அதன் பிறகு எத்தனை முறை அழைத்தும் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் வால்பாறையில் அது வழக்கம்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நீ சொன்ன ஒரு செய்தி என்னைத் தூங்க விடவில்லை. உங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தொட்டியின் ஏழரை எச்பி (குதிரைத்திறன்) விசிறி மோட்டார் கருகிப்போய், மாற்று மோட்டாருக்குக் கேபிளும், சுமை மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயும் முடிவு செய்ய வேண்டிய நேரத்தில், கைபேசியில் இருந்த கணக்குச் செயலி இணையம் இல்லாமல் திறக்க மறுத்ததாகவும், சிக்னல் கிடைக்கும் வளைவுவரை மழையில் நனைந்துகொண்டே நீ நடந்து போனதாகவும் சொன்னாய். அந்த நேரமெல்லாம் பச்சை இலை காற்றில்லாமல் தொட்டியில் சூடேறிக்கொண்டிருந்திருக்கும். அரைமணி நேரம் உன்னைக் காக்க வைத்த அந்தக் கணக்கு, மேசை ஓரத்தில் ஒரு சாணளவு அட்டையில் அடங்கக்கூடியது. அந்த அட்டையை நானே எழுதி, இருபுறமும் லேமினேட் செய்து, ஓட்டை போட்டுக் கயிறு கட்டி இந்தக் கடிதத்துடன் அனுப்புகிறேன். கிரீஸ் கையோடு தொட்டாலும் துடைத்துக்கொள்ளலாம்.

அட்டையை ஆணியில் மாட்டினால் மட்டும் போதாது, அதில் உள்ள எண்கள் எங்கிருந்து வந்தன என்பதும் உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் வரி, மூன்று பேஸ் மோட்டாருக்கு ஒரு எச்பிக்கு ஒன்றரை ஆம்பியர் என்பது. பட்டறைகளில் வாய்வழியாக வருகிற கணக்குத்தான் என்றாலும், அதற்கு அடிப்படை இருக்கிறது. ஒரு எச்பி என்பது 746 வாட். அதை 1.732-ஆலும் 415 வோல்ட்டாலும் வகுத்தால் ஒன்றுக்குச் சற்று மேல் வரும். மோட்டாரின் செயல்திறனையும் பவர் ஃபாக்டரையும் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையாக வேலை செய்யும் பங்கு) பெருக்கி ஏறத்தாழ 0.7 என்று வைத்து மறுபடி வகுத்தால் ஒன்றரையை ஒட்டி நிற்கும். ஆகவே உன் ஏழரை எச்பிக்குப் பதினொரு ஆம்பியர். ஒரு எச்பி போன்ற சின்ன மோட்டார்கள் இதைவிடக் கூடுதலாக இழுக்கும், பெரிய மோட்டார்கள் சற்றுக் குறைவாக இழுக்கும். கம்பியைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டுவதற்கு முன்பே இந்த எண் உன் மனத்தில் இருந்தால், முழுச் சுமையில் அது பதினாறு காட்டும்போது உடனே உறைக்கும். எண் மனத்தில் இல்லாதவருக்குப் பதினாறும் ஒன்றுதான், பதினொன்றும் ஒன்றுதான்.

மோட்டாரைக் குறைந்த மின்னோட்டத்தில் கிளப்பிவிடும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே மெயின் லைனில் இல்லாமல் மோட்டாரின் பேஸ் வழியில் அமர்ந்திருந்தால், பதினொன்றை 0.58-ஆல் பெருக்கி 6.4 ஆம்பியரில் வைக்க வேண்டும். பெயர்ப்பலகையில் கண்ட பதினொன்றையே அப்படியே திருப்பி வைத்துவிட்டால், மோட்டார் தன் அளவைப்போல் 1.7 மடங்கு இழுத்தாலும் ரிலே விழாது. எரிந்துபோன மோட்டாரின் ஸ்டார்ட்டரைத் திறந்து, ரிலே எந்த எண்ணில் நிற்கிறது என்று முதலில் பார். மோட்டாரை மாற்றிவிட்டு ரிலேயை அப்படியே விட்டால், புதியதும் பழையதன் வழியில்தான் போகும்.

இரண்டாவது கேபிள். பேனலிலிருந்து அந்தத் தொட்டிவரை நூற்றிருபது மீட்டர் இருக்கும் என்றாய். செம்புக் கம்பி ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனில் ஒரு மீட்டருக்கு 0.0172 ஓம் தடை கொண்டது. சுமையில் கம்பி சூடாகும் என்பதால் நான் எப்போதும் 0.02 என்றே வைத்துக்கொள்வேன், பெருக்கவும் எளிது. 1.732, நீளம், ஆம்பியர், 0.02 ஆகியவற்றைப் பெருக்கிக் கம்பியின் பருமனால் வகுத்தால் வோல்ட் இழப்பு கிடைக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 18 வோல்ட்டுக்குச் சற்று மேல், அதாவது நூற்றுக்கு 4.4 பங்கு போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் பதினொன்றரை வோல்ட்டுக்குள் அடங்கும். மோட்டாரின் முறுக்குவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பின்பற்றும் என்பதால், நாலு சதவிகித இழப்பு விசையில் எட்டு, ஒன்பது சதவிகிதமாகப் போய் விழும். பவர் ஃபாக்டரை விட்டுவிட்டுக் கணக்கிடுவதால் விடை உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும், அந்தக் கூடுதல் நமக்குப் பாதுகாப்பு. ஸ்டோரில் 2.5 தான் இருக்கிறது என்று யார் சொன்னாலும், நீ 4 சதுர மில்லிமீட்டரே கேட்டு வாங்கு.

மூன்றாவது பகுதிதான் அட்டையின் பாதியை எடுத்துக்கொண்டது. எரிந்த மோட்டாருக்கு மறுபடி கம்பி சுற்றும் என் தொழிலின் பாதியும் அதுதான். அதில் பதினெட்டாம் கேஜிலிருந்து இருபத்தாறாம் கேஜ்வரை (கேஜ் என்பது கம்பிப் பருமனின் எண்; எண் ஏற ஏறக் கம்பி மெலியும்) கம்பியின் விட்டத்தையும், பக்கத்திலேயே அந்த விட்டத்தின் வர்க்கத்தையும் எழுதியிருக்கிறேன். கேட்ட கேஜ் கம்பி கையிருப்பில் இல்லாதபோது ஒற்றைக் கம்பிக்குப் பதில் இரட்டைக் கம்பி போடுவோம் அல்லவா, அப்போது ஒப்பிட வேண்டியது வர்க்கத்தைத்தான். வட்டப் பரப்புக்கான பை (π) எல்லாம் வேண்டாம், இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். 19-ஆம் கேஜின் விட்டம் 1.016 மில்லிமீட்டர், வர்க்கம் 1.032. 22-ஆம் கேஜ் 0.711, வர்க்கம் 0.506, இரண்டு கம்பி சேர்ந்தால் 1.011. நூற்றுக்கு இரண்டுதான் குறைவு, தாராளமாகப் போடலாம். இதைப் பார்த்து, மூன்று எண் தள்ளி இரட்டைக் கம்பி போட்டால் சரியாக இருக்கும் என்று ஒரு வழக்கு பட்டறைகளில் உண்டு. அமெரிக்கக் கேஜுக்கு அது துல்லியமாகப் பொருந்தும், ஏனென்றால் அதன் படிகள் ஒரே விகிதத்தில் இறங்குகின்றன. நாம் பயன்படுத்துவதோ 1884-இல் இங்கிலாந்தில் சட்டமாக்கப்பட்ட எஸ்டபிள்யூஜி (ஸ்டாண்டர்ட் வயர் கேஜ்). அதன் படிகள் சீரானவை அல்ல. 20-ஆம் கேஜுக்குப் பதில் இரண்டு 23 போட்டால் செம்பு நூற்றுக்குப் பதினொன்று குறைந்துவிடும். வழக்கை நம்பாதே, வர்க்கத்தைப் பார்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. கோவை கணபதியில் தனியாகப் பட்டறை போட்ட முதல் வருடம். ஒரு விவசாயியின் ஐந்து எச்பி கிணற்று மோட்டார் வந்தது. உள்ளே இருந்தது 19-ஆம் கேஜ். என்னிடம் இருந்தது 25-ஆம் கேஜ், விட்டம் 0.508, சரியாகப் பாதி. பாதியும் பாதியும் ஒன்று என்று எண்ணி இரட்டைக் கம்பியில் சுற்றினேன். சுற்றிய காயிலை ஸ்டேட்டரின் (மோட்டாரின் சுழலாத பகுதி) ஸ்லாட்டில், அதாவது காடியில், இறக்கும்போது வழக்கம்போல் விரலால் அழுத்த வேண்டியிருக்கவில்லை, பாதி ஸ்லாட் காலியாக நின்றது. மூங்கில் ஆப்பை அடித்தபோது அது பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. தடித்த லெதராய்டு காகிதத்தை மடித்துத் திணித்து அந்த இடைவெளியை நிரப்பினேன். ஸ்டேட்டர் தன் குறையைத் தானே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை. சுமையில்லாமல் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகவே ஓடியது. மூன்றாம் நாள் அதே மோட்டார் மாட்டுவண்டியில் திரும்பி வந்தது. வண்டி வாசலில் நிற்கும்போதே கருகிய வார்னிஷ் வாடை பட்டறைக்குள் வந்துவிட்டது. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்கு. இரண்டு கால் சேர்ந்து அரைதான். தடை இரண்டு மடங்கு, கம்பியில் எழும் சூடும் இரண்டு மடங்கு. என் செலவில் மறுபடி சுற்றிக் கொடுத்தேன். அந்த இரண்டு நாளும் அவருடைய வெங்காயப் பயிருக்குத் தண்ணீர் பாயவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. அன்று சுவரில் வர்க்கம் எழுதிய ஒரு தாள் தொங்கியிருந்தால் போதும், அது நடந்திருக்காது.

மைக்ரோமீட்டரால் அளக்கும்போது கம்பியின் எனாமல் பூச்சை எரித்துத் துடைத்துவிட்டு வெறும் செம்பை அளக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதே. எனாமலோடு அளந்தால் 22-ஆம் கேஜ் 21-ஐப்போல் தோன்றி ஏமாற்றும்.

பெயர்ப்பலகை தேய்ந்துபோன மோட்டாருக்கு அட்டையின் பின்புறம் பார். 120-ஐ 50 ஹெர்ட்ஸால் பெருக்கித் துருவ எண்ணிக்கையால் வகுத்தால் வேகம்: நாலு துருவத்துக்கு 1500, சுமையில் 1440-ஐ ஒட்டி ஓடும். 36 ஸ்லாட்டை நாலால் வகுத்தால் பிட்ச் (காயிலின் இரு பக்கங்களுக்கும் உள்ள ஸ்லாட் தூரம்) ஒன்பது, அதாவது முழுப் பிட்சில் காயில் ஒன்றாம் ஸ்லாட்டிலிருந்து பத்தாம் ஸ்லாட்டுக்குப் போகும்.

உன் குவார்ட்டர்ஸ் மீட்டரையும் ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம். அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், மற்றவற்றையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு சாதனத்தை மட்டும் ஓட்டி, சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணு. பதினாறு முறை என்றால் ஒரு மணிக்கு 960, அதாவது 300 வாட். தொழிற்சாலை மீட்டரில் மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் கரன்ட் டிரான்ஸ்பார்மர் இருக்குமாகையால் அதன் விகிதத்தாலும் பெருக்க வேண்டியிருக்கும்.

பொட்டலத்தில் ஒரு பழைய ஸ்லைடு ரூலும் இருக்கிறது. ஐடிஐயில் என் ஆசிரியர் கொடுத்தது. 1970-களில் கையடக்க அறிவியல் கால்குலேட்டர் வந்ததும் உலகமே இதைக் கைவிட்டது, நீயும் இதில்தான் கணக்குப் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் வர்க்கத்துக்கு இதைப்போல் விரைவான கருவி இல்லை: கீழ் அளவுகோலில் விட்டத்தின்மேல் கண்ணாடிக் கோட்டை நிறுத்தினால் மேல் அளவுகோலில் வர்க்கம் நிற்கும். இது இலக்கத்தைத்தான் காட்டும், புள்ளியை எங்கே வைப்பது என்று சொல்லாது. 1.1 ஆம்பியரா, 11-ஆ, 110-ஆ என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பழக்கம் உனக்கு வந்துவிட்டால் கால்குலேட்டரில் விரல் தவறி அழுத்தியதையும் அதே நொடியில் கண்டுபிடித்துவிடுவாய். அன்றாட வேலைக்கு, வெளிச்சத்திலும் பொத்தான் பேட்டரியிலும் ஓடுகிற கால்குலேட்டர் ஒன்றையும் வைத்திருக்கிறேன்.

உன் அலுவலகக் கணினியில் இணையமில்லாமல் இயங்கும் லிப்ரே ஆபிஸ் இருக்கிறது என்றாய். இந்த மூன்று கணக்கையும் அதில் ஒரு தாளில் போட்டு வை. முதலில் அட்டையில் உள்ள என் எண்களைக் கொடுத்து அதே விடை வருகிறதா என்று சோதித்த பிறகே மற்றவர்களிடம் கொடு.

ஏழரை எச்பி மோட்டாரைப் பிரித்து டேட்டா எடுக்கும்போது சுற்று எண்ணிக்கை, கேஜ், பிட்ச் மூன்றையும் உன் கையாலேயே எழுது. பழைய காயிலில் ஒரு சாண் கம்பியை வெட்டிக் கடிதத்தில் வைத்து அனுப்பினால் நானும் இங்கே அளந்து பார்க்கிறேன். இருவர் அளவும் ஒத்து வந்தபின் கம்பி வாங்கலாம். ரிலே எந்த எண்ணில் நின்றது என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா