வாடைக்காற்றில் வரும் கந்தகம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தக டைஆக்சைடைப் பிரித்தெடுக்கும் அமைப்பு பெரும்பாலான ஆலைகளுக்கு இனிக் கட்டாயமில்லை என்ற மத்திய அரசின் முடிவு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் குமரி மாவட்டத்தில் அனல்மின் நிலையம் எதுவும் கிடையாது. அதனால் டீக்கடையில் பேச்சு வந்தபோது, "அது தூத்துக்குடிக்காரங்க பாடு சார்" என்று முடித்துவிட்டார்கள். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு அப்படி விட்டுவிட மனம் வரவில்லை.

தை, மாசியில் பிள்ளைகளிடம் கொஞ்சம் கந்தகப் பொடி கொண்டுவரச் சொல்வேன். குலசேகரம், அருமனைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதற்குப் பஞ்சமில்லை. ரப்பர் தளிர்விடும் பருவத்தில் இலையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தூவுவதற்கு வீட்டில் வாங்கி வைத்திருப்பார்கள். இரும்புக் கரண்டியில் ஒரு சிட்டிகை வைத்துச் சூடாக்கினால் முதலில் உருகும், பிறகு நீலமாக எரியும். அதைக் கண்ணாடி ஜாடிக்குள் இறக்கி, நனைத்த செம்பருத்திப் பூ ஒன்றையும் போட்டு மூடுவோம். சற்று நேரத்தில் இதழின் சிவப்பு வெளிறத் தொடங்கும். மூடியைத் திறந்ததும் முன்பெஞ்சில் இருமல் கிளம்பும். ஒரு வருடம், இழுப்பு உள்ள மாணவி ஒருத்தி பேச முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றோடு அந்தச் சோதனையை வகுப்பறைக்குள் செய்வதை விட்டேன். அதே வாயு நிறைந்த ஜாடியில் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றி நன்றாகக் குலுக்கினால் நெடி அடங்கிவிடும்.

ஆலையில் செய்யச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். புகைபோக்கிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கோபுரம். அதற்குள் சுண்ணாம்புக்கல் மாவைத் தண்ணீரில் கரைத்து மழைபோலத் தெளிப்பார்கள். கந்தக வாயு அதில் கரைந்து, காற்றோடு சேர்ந்து கடைசியில் ஜிப்சமாகப் படியும். சிமெண்ட் ஆலைகள் விலை கொடுத்து வாங்கும் பொருள் அது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கந்தகம் அங்கேயே நின்றுவிடும். இது புதிய வித்தையும் அல்ல. 1930களிலேயே லண்டனில் பேட்டர்சீ மின் நிலையத்தில் புகையைத் தேம்ஸ் நதித் தண்ணீரால் கழுவினார்கள். நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் தஹாணு நிலையத்தில் கடல்நீரைக் கொண்டே கழுவுகிறார்கள்.

2015 டிசம்பரில் ஆலைகளின் கந்தக வாயுவுக்கு வரம்பு வைத்த விதி வந்தபோது கொடுத்த கெடு இரண்டே ஆண்டுகள். அது திரும்பத் திரும்ப நீண்டது. 2025 ஜூலையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஆலைகளுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று. குறைவுதான், அரை சதவீத அளவில் இருக்கும். ஆனால் 1000 டன் நிலக்கரியை எரித்தால் அந்த அரை சதவீதம் 5 டன் கந்தகம். ஆக்சிஜனோடு சேர்ந்தால் 10 டன் வாயு. 500 மெகாவாட் அலகு ஒன்று ஒரே நாளில் இதைப்போல ஏழு மடங்கு நிலக்கரியை எரிக்கும்.

சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரியமில வாயு வருமே என்கிறார்கள். வரும். அந்த 10 டன்னைப் பிடிக்க ஏறக்குறைய 7 டன். அதே 1000 டன் நிலக்கரி எரியும்போது வரும் கரியமில வாயுவோ 1500 டன் அளவில் இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. செலவு அதிகம் என்பதையும், ஆலையின் மின்சாரத்தில் கொஞ்சத்தை இந்த அமைப்பே தின்றுவிடும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

புகைபோக்கி உயரமாக இருக்கிறதே என்ற வாதம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. உயரத்தில் விட்டால் வாயு எங்கோ மறைந்துவிடுவதில்லை. காற்றிலேயே சல்பேட் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். தூத்துக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடியில் காற்று சுழற்றியடிக்கும்போது முப்பந்தல் காற்றாலைகள் ஓடுகின்றன. ஐப்பசிக்கு மேல் அவை தளர்ந்தால் நம் வீட்டு விளக்குக்கும் நிலக்கரி மின்சாரத்தைத்தான் கூடுதலாக நம்ப வேண்டும். அந்த மாதங்களில்தான் வாடைக்காற்றும் தூத்துக்குடித் திசையிலிருந்து நம் பக்கம் வீசுகிறது. டீக்கடை நண்பர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் பதில் பேசவில்லை.

காற்றின் தரம் நிர்ணயித்த அளவை எட்டாத நகரங்களின் பட்டியலில் தூத்துக்குடியும் உண்டு. அத்தகைய நகரையொட்டிய ஆலைகளைப் பற்றி நிபுணர் குழு ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவெடுக்கும் என்கிறது புதிய அறிவிப்பு. அங்குள்ள 500 மெகாவாட் அலகுகளுக்குச் சுண்ணாம்புக்கல் முறையையே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கடல்நீர் முறை மலிவுதான். ஆனால் கழுவிய நீரைப் பக்குவப்படுத்தாமல் விட்டால் அமிலமாகவே கடலுக்குப் போகும். பக்கத்தில் இருப்பதோ மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள். 1979 முதல் அமைக்கப்பட்ட பழைய 210 மெகாவாட் அலகுகளுக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட அவற்றை மூடும் நாளை அறிவிப்பதே நல்லது.

அதுவரை, புகைபோக்கியில் அளக்கப்படும் கந்தக டைஆக்சைடு அளவை ஆலை வாசலில் தமிழில் எழுதி அன்றாடம் வைக்கச் சொல்லி, நம் தென்மாவட்டங்களின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.