1911-ஐ விடுங்கள், 1919-ஐச் சொல்லுங்கள்: டென்னிஸ் வர்ணனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டென்னிஸ் வர்ணனை செய்வோருக்கும் விளையாட்டுப் பக்கங்களில் எழுதுவோருக்கும் வணக்கம்.

2025 ஜூலையில் விம்பிள்டன் மகளிர் இறுதியாட்டத்தை இகா ஷ்வியான்டெக் 57 நிமிடத்தில் முடித்துவிட்டார். அமாண்டா அனிசிமோவாவுக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை, 6-0, 6-0. விம்பிள்டன் இறுதியில் 1911க்குப் பிறகு இப்படி நடப்பது இதுவே முதல்முறை என்ற தகவலும் கூடவே வந்தது. அதோடு 1911-ல் அப்படி வென்ற டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ் என்ற பெயரும் ஒரு நொடி வந்துபோனது.

அவரை நினைவுகூர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் ஆடியவற்றிலேயே மிகச் சாதாரணமான வெற்றியைப் பிடித்துக்கொண்டீர்களே என்பதுதான் என் குறை.

அந்தக் காலத்து முறையைக் கொஞ்சம் பாருங்கள். நடப்புச் சாம்பியன் சுற்றுகளில் ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் மோதி, அவர்களில் மிஞ்சி வருபவரோடு கடைசியில் ஒரே ஓர் ஆட்டம். அதற்குச் சேலஞ்ச் ரவுண்டு என்று பெயர். 1921 வரை இதுதான் வழக்கம். 1911-ல் சேம்பர்ஸ் ஒற்றையரில் ஆடியது டோரா பூத்பிக்கு எதிரான அந்த ஓர் ஆட்டம் மட்டுமே. பன்னிரண்டு கேம், கோப்பை கையில்! ஷ்வியான்டெக்கோ ஏழு ஆட்டம் ஜெயித்து வந்தவர். இரண்டையும் ஒரே வரியில் நிறுத்தினால் ஷ்வியான்டெக்குக்கு அநியாயம். சேம்பர்ஸுக்கு அதைவிடப் பெரிய அநியாயம்.

ஏனென்றால் அவரிடம் சொல்ல வேறு எவ்வளவோ இருக்கிறது. லண்டன் ஈலிங்கில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். விம்பிள்டன் ஒற்றையரில் ஏழு பட்டம்: 1903, 1904, 1906, 1910, 1911, 1913, 1914. நவரத்திலோவாவுக்கு ஒன்பது, ஹெலன் வில்ஸுக்கு எட்டு. அடுத்த படியில் ஸ்டெஃபி கிராஃப், செரீனா வில்லியம்ஸ் இருவரோடு இவரும் நிற்கிறார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம். இதற்கிடையே ஆல் இங்கிலாந்து பேட்மிண்டனிலும் இரட்டையர் பட்டங்கள்.

அந்த ஆண்டுகளின் இடைவெளியைக் கவனித்தீர்களா? 1909-லும் 1912-லும் பிள்ளைப்பேறு, இரண்டு மகன்கள். இரண்டு முறையும் அடுத்த ஆண்டே வந்து பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். சலுகை எதுவும் கிடையாது; பட்டம் கையைவிட்டுப் போயிருந்ததால் மற்றவர்களைப் போலச் சுற்றுகளில் ஆடித்தான் வந்தார். ஏழில் நான்கு பட்டங்கள் தாயான பிறகு வென்றவை. அவருக்குப் பிறகு ஒரு தாய் விம்பிள்டன் ஒற்றையரை வெல்ல 1980-ல் இவான் கூலகாங் வரவேண்டியிருந்தது. குழந்தை பெற்றுத் திரும்பிய வீராங்கனைகளைப் பற்றி இன்று மணிக்கணக்கில் பேசுகிறீர்கள். அப்போதாவது இந்தப் பெயர் வாயில் வரக்கூடாதா?

பிறகு போர். 1915 முதல் 1918 வரை விம்பிள்டனே நடக்கவில்லை. 1919-ல் விம்பிள்டன் அப்போது நடந்த வொர்ப்பிள் ரோடு மைதானத்துக்கு நடப்புச் சாம்பியனாகத் திரும்பியபோது அவருக்கு வயது 40. எதிரே 20 வயது சூசன் லெங்லென். புல்தரையில் லெங்லெனுக்கு அதுதான் முதல் போட்டித் தொடர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீண்ட பாவாடையும் முழுக்கைச் சட்டையுமாகச் சேம்பர்ஸ். கெண்டைக்கால் தெரியும் உடையில் லெங்லென். செட் இடைவேளைகளில் அந்தப் பெண்ணுக்குப் பிராந்தி வேறு!

முதல் செட் 10-8 லெங்லெனுக்கு. இரண்டாவது 6-4 சேம்பர்ஸுக்கு. மூன்றாவதில் 1-4 என்று பின்தங்கியவர் ஏறி வந்து 6-5, 40-15 என்று நிறுத்தினார். இரண்டு மேட்ச் பாயிண்ட், அதாவது இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் ஆட்டம் அவருக்கு என்ற வாய்ப்பு இரண்டு முறை. ஒன்றில் லெங்லெனின் மட்டைக் கட்டையில் பட்ட பந்து எப்படியோ வலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அடுத்ததை லெங்லென் பேக்ஹேண்டில் கோட்டோரமாக அடித்துத் தப்பினார். முடிவு 9-7. மொத்தம் 44 கேம். எட்டாவது பட்டம் மட்டைக் கட்டையில் பட்டுத் தெறித்தது என்றே சொல்வேன்.

'ஒரே ஆட்டம் ஆடுகிறவர்தானே, களைப்பு எங்கே' என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு 1920-ல் பதில் இருக்கிறது. சாம்பியன் சலுகை போய்விட்டது. 41 வயதில் எல்லாச் சுற்றும் ஆடினார். மோல்லா மல்லோரியை 6-0, 6-3 என்றும் எலிசபெத் ரையானை 6-2, 6-1 என்றும் வென்று மறுபடி லெங்லெனிடம் வந்தார். அங்கே 6-3, 6-0 என்று தோற்றார். என்னைக் கேட்டால் 1911-இன் பூஜ்யங்களைவிட இந்தத் தோல்விக்கு வந்து சேர்ந்த வழி பெரிது. 1925-ல் அமெரிக்காவின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் பிரிட்டன், அமெரிக்க மகளிர் அணிகள் மோதிய வைட்மேன் கோப்பையில், 46 வயதுத் தலைவியாக இறங்கி எலினார் காஸை மூன்று செட்டில் வீழ்த்தினார். பிரிட்டன் 4-3 என்று கோப்பையை வென்றது.

நான் கேட்பது அதிகமில்லை. 'டென்னிஸ் வரலாற்றிலேயே' என்று தொடங்கிவிட்டு 1968 முதலான கணக்கைக் காட்டாதீர்கள். அது தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட ஓபன் யுகத்தின் கணக்கு என்றால் அப்படியே சொல்லுங்கள். சேம்பர்ஸின் ஏழையும் பட்டியலில் போடுங்கள், சேலஞ்ச் ரவுண்டு என்ற குறிப்போடு. 1904, 1911, 1914 ஆகிய மூன்றும் ஓராட்டப் பட்டங்கள். அதை மறைக்க வேண்டாம். மழையால் ஆட்டம் நின்று என்ன பேசுவதென்று நீங்கள் தடுமாறும் நேரத்தில் அந்த 44 கேம்களைச் சொன்னால் போதும்.

அன்புடன்,
ஒரு டென்னிஸ் ரசிகன்