மொச்சை உரித்துக்கொண்டே நீ போட்ட கணக்கு

அன்புள்ள அக்கா,

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். பின்னால் குக்கர் விசில், நடுவில் உன் அழுகை. சரி, எழுதிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

சின்னவன் கைடில் இருக்கும் கணக்கையெல்லாம் மளமளவென்று போடுகிறான், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். "இவனுக்கு யோசிக்கிற மூளையே இல்லையோ" என்றாய். ஏதோ மூளைத்திறன் பயிற்சி வகுப்பாம், ஆறு மாதப் பணத்தை ஒரேயடியாகக் கட்டலாமா என்றும் கேட்டாய். கட்டாதே. போன தை மாதம் உன் சமையலறையில் நடந்ததை நினைத்துப் பார்.

காலண்டர் தாளின் பின்பக்கம் அவனுக்கு அண்டா கணக்கு எழுதிக்கொடுத்தேனே. குடம் 21 படி கொள்ளும், அண்டா 127 படி, சொம்பு 3 படி. வேறு அளவை கிடையாது. சரியாக 100 படி தண்ணீர் வேண்டும். (குடத்தில் 21 படி கொள்ளுமா என்று நீ சண்டைக்கு வந்தாய். கொள்ளாதுதான்.) கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான், அப்புறம் பிடித்துவிட்டான்: அண்டாவை நிரப்பி, அதிலிருந்து குடத்துக்கு ஒரு தடவை, சொம்புக்கு இரண்டு தடவை ஊற்றினால் மிச்சம் 100. அதே மாதிரி இன்னும் நாலு கொடுத்தேன். எண்கள் வேறு, வழி ஒன்றே. கடைசி இரண்டை அவன் யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதியது.

ஆறாவதில் குடம் 23, அண்டா 49, சொம்பு 3. வேண்டியது 20. அதே வேகத்தில் 49-இல் 23 போய், இரண்டு 3 போய், 20 என்று எழுதித் தானே டிக் அடித்துக்கொண்டான். விடை சரி. அதுதான் இதில் வில்லங்கம். பரீட்சையில் முழு மார்க் விழும், உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏழாவதில்தான் மாட்டினான். குடம் 28, அண்டா 76, சொம்பு 3. வேண்டியது 25. போட்டால் 42 வந்தது. மறுபடி போட்டான், மறுபடியும் 42. "கணக்கே தப்பு மாமா" என்றான்.

மொச்சை உரித்துக்கொண்டிருந்த நீ தலையைக்கூடத் தூக்காமல், "28-ல 3 போனா 25 தானேடா" என்றாய்.

அந்தக் கணக்குகள் என்னுடையவை அல்ல. ஆப்ரஹாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில் வருபவை. படியும் சொம்பும் மட்டும்தான் என் கைச்சரக்கு. முதல் ஐந்தைப் போட்டுப் பழகியவர்களில் பெரும்பாலோர் ஆறாவதிலும் அண்டாவைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். பழகாதவர்களில் பெரும்பாலோர் நேராகக் குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்தார்கள். அன்றைக்கு நீ இரண்டாவது கூட்டம், அவ்வளவுதான். உனக்கு மூளை ஜாஸ்தி என்று எழுத ஆசை, ஆனால் அந்த ஐந்தையும் நீ போட்டிருந்தால் நீயும் அண்டாவைத்தான் தூக்கியிருப்பாய்.

சிலரிடம் லூச்சின்ஸ், "குருடாக இருக்காதே" என்று தாளிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னார். அது சிலருக்கு உதவியது, எல்லாருக்கும் அல்ல. நேரம் வைத்து விரட்டியபோது பழக்கத்தின் பிடி இன்னும் இறுகியது. இதைப் படித்ததும் டியூஷனில் அவன் முன்னால் வைக்கும் அந்த டைமர்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் மட்டும் ஒழுங்கா? போன மாதம் மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. முந்தின மூன்று தடவையும் ஃபுட் வால்வுதான் கோளாறு. அதனால் ரிப்பேர் ஆளுக்குப் போன் மேல் போன் போட்டுவிட்டு அரை நாள் காத்திருந்தேன். சம்ப்பை எட்டிப் பார்த்து, "இதுல தண்ணியே இல்லையே" என்றது உன் தம்பி பெண்டாட்டி.

பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் கணக்கில் அவன் தலையைச் சொறிந்தானே, அதுதான் எனக்குப் பிடித்த இடம். அப்படி அவன் முழிக்கும்போது நீ பதறாதே, டியூஷன் வாட்ஸ்அப்புக்குப் போட்டோவும் அனுப்பாதே. கைடில் ஒரே பயிற்சியின் இருபது கணக்கை வரிசையாகப் போடாமல், நாலு பாடத்திலிருந்து கலந்து ஐந்தே ஐந்து எடுத்துப் போடட்டும். எந்த வழி என்று தேடுவதே பாதி வேலை. பாடத் தலைப்பைப் பார்த்துப் போட்டால் அந்தப் பாதியைத் தலைப்பே செய்துவிடுகிறது.

பொங்கலுக்கு வருகிறேன். இந்தத் தடவை அவன் எனக்குக் கணக்கு எழுதி வைக்கட்டும்: ஐந்து ஒரே வழியில், ஆறாவதில் பொறி. நான் விழுந்தால் அவனுக்கு நூறு ரூபாய். மொச்சையை நானே உரித்துத் தருகிறேன், நீ சும்மா உட்கார்.

உன் தம்பி