இரவு 11 மணிக்கு வண்டி எடுக்காதது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியப் போகிறது. தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் சின்ன வாடகை வண்டி அலுவலகத்தில் போன் ஓயாமல் அடிக்கிறது. பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "வெள்ளிக்கிழமை ராத்திரி கடை சாத்திவிட்டு 11 மணிக்குக் கிளம்பினால் விடியும்போது ஊட்டி. ரெண்டு நாள் சுற்றிவிட்டு ஞாயிறு ராத்திரியே திரும்பிவிடலாம். என்ன ரேட்?"

இந்த வருஷம் முதல் அந்த மாதிரிப் பயணத்தை நாங்கள் எடுப்பதில்லை. பல வருஷமாக எங்கள் வண்டியில் வருகிறவர்களே இதைக் கேட்டு வருத்தப்பட்டார்கள். "மற்ற வண்டிக்காரர்கள் வருகிறார்களே" என்றார்கள். போனில் அவசரமாகச் சொன்னால் சரியாக வராது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு டெம்போ டிராவலர். ஓட்டுநரும் நான்தான். பென்னாகரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று, பெரியவர்கள் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 11 பேர், இதே போல வெள்ளி ராத்திரி கிளம்பி ஊட்டிக்கு வந்தார்கள். சனிக்கிழமை முழுக்கச் சுற்றினோம். ராத்திரி லாட்ஜில் எனக்குப் படுக்க இடமில்லை. வண்டியிலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடந்தேன். அந்தக் குளிரில் தூக்கம் எங்கே வரும்? ஞாயிற்றுக்கிழமை வர்க்கி, சாக்லேட், தைலம் எல்லாம் வாங்கி முடித்துக் கிளம்ப ராத்திரி எட்டரை ஆகிவிட்டது. மலை இறங்கி, மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்டு, சங்ககிரி தாண்டும்போது மணி இரண்டு இருக்கும். பின்னால் எல்லோரும் நல்ல தூக்கம். முன் சீட்டில் இருந்த பாட்டி மட்டும் விழித்திருந்தார். இடது பக்கச் சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியது எனக்குத் தெரியவே இல்லை. பாட்டியின் கை என் தோளில் விழுந்ததுதான் தெரியும்.

"சாமி, ஓரமா நிறுத்து" என்றார். கத்தக்கூட இல்லை.

நிறுத்தினேன். இருபதடி முன்னால் பழுதாகி நின்ற லாரி ஒன்று, பின்பக்கம் ஒரு வேப்பங்கிளையைச் செருகிவைத்தபடி இருட்டில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இருந்தவர்கள் எழக்கூட இல்லை. பாட்டி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். பாதி டீ என் சட்டையில்தான் சிந்தியது, கை அப்படி நடுங்கியது. விடியும்வரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

இன்று மூன்று வண்டி, நான்கு ஓட்டுநர்கள். ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. எங்கள் தொழிலில் இதை ஏட்டில் வைத்துவிட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் ஓடினேன். என் ஓட்டுநர்களை இனி அப்படி ஓடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, செலவு என்ன ஆகும் என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி. ராத்திரி கிளம்பினால் ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம் என்று நினைக்கிறோம். கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஊட்டியில் காலை 6 மணிக்கு இறங்குகிறீர்கள். பெரும்பாலான லாட்ஜில் மதியம் 12 மணிக்குத்தான் ரூம் கொடுப்பார்கள். முன்கூட்டியே வேண்டுமென்றால் அரை நாள் வாடகை கேட்பார்கள். இல்லையென்றால் குளித்து உடை மாற்ற மட்டும் தனியாக ஒரு ரூம் எடுக்க வேண்டும். அதற்குள் குளிரில் நடுங்கும் பிள்ளைகளுக்கு டீ, பிஸ்கட், சூடாக ஏதாவது டிபன். மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். முதல் நாள் பாதிப் பொழுது தூங்கி வழிவதில் போய்விடும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால், வெளிச்சம் வந்த பிறகு தொப்பூர் கணவாயில் இறங்கலாம். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள் என்ன செய்யும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் ரூம் கிடைக்கும் நேரத்தை ஒட்டி ஊட்டி போய்ச் சேர்ந்துவிடலாம்.

உண்மையில் காசு போகும் இடம் வேறு. எந்த வண்டிக்காரரிடம் பேசினாலும், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் கேளுங்கள். உதாரணத்துக்கு 250 என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளுக்கு 750. நீங்கள் ஓடியது 680தான் என்றாலும் பில் 750க்குத்தான் வரும். மீதி 70 கிலோமீட்டரைச் சும்மா விடாமல், திரும்பும் வழியில் பவானி கூடுதுறையில் இறங்கிக் குளித்து, சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வரலாம். கிலோமீட்டர் கணக்கு, வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்ப அந்த ஷெட்டுக்கு வரும்வரை ஓடும், உங்கள் வீட்டு வாசலிலிருந்து இல்லை. கிருஷ்ணகிரிக்காரர்கள் தர்மபுரி வண்டியைப் பிடித்தால் அந்தப் போக்குவரத்துத் தூரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். அதனால் பக்கத்து ஊர் வண்டியையே பிடியுங்கள், எனக்கு ஒரு சவாரி குறைந்தாலும் பரவாயில்லை. ஓட்டுநர் பேட்டா, டோல், பார்க்கிங், மைசூர் பெங்களூரு என்றால் வெளிமாநில பெர்மிட், இவையெல்லாம் ரேட்டுக்குள் வருகிறதா, தனியா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் திரும்பி வரும்போது மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

ரூம் போடும்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "டிரைவர் படுக்க இடம் இருக்கிறதா?" சில லாட்ஜில் ஓட்டுநர்களுக்கென்றே கட்டிலும் கம்பளியுமாக ஒரு அறை ஒதுக்கியிருப்பார்கள், இலவசமாகவே. கேட்டால்தான் சொல்வார்கள். மறுநாள் உங்கள் குடும்பத்தை மலையிலிருந்து இறக்கப்போகிறவர் இரவு எங்கே படுக்கிறார் என்பது, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியுமா என்பதைவிடப் பெரிய விஷயம். இதை நான் வண்டிக்காரனாக மட்டும் சொல்லவில்லை. நானும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவன்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வண்டி ஏற முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் முதலில் பாஸ் எடுங்கள், அப்புறம் ரூமுக்கு அட்வான்ஸ் கட்டுங்கள். பாஸ் இலவசம். எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் நாங்களே எடுத்துத் தருகிறோம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தப் பாஸ் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நீலகிரிக்குள் விடமாட்டார்கள். வீட்டு எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான்கைந்து பேர்தான் என்றால் எங்கள் வண்டியே வேண்டாம். சேலத்தில் நிற்கும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து 1908 முதல் ஊட்டிவரை ஓடும் மலை ரயிலுக்கு முன்பதிவு செய்திருந்தால், உங்கள் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் பதிவு திறக்கும். திறந்த அன்றே போட்டுவிடுங்கள். ஐ.ஆர்.சி.டி.சி.யில் டிக்கெட் போடும்போது பயணக் காப்பீடு வேண்டுமா என்று கேட்கும். ஒரு ரூபாய்கூட ஆகாது, அதை விட்டுவிடாதீர்கள்.

மே மாதம் ஊட்டிதான் போக வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். காலையில் போய் இருட்டும் முன் திரும்பும்படி நம்மைச் சுற்றி நிறைய இடம் இருக்கிறது. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரையும் கடையெழு வள்ளல்கள் பெயரையும் அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். நம் தகடூர் அதியமான் வளைவு வரும்போது பிள்ளைகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஏற்காட்டுக்கு 20 வளைவுகள். கொல்லிமலைக்கு 70, வாந்தி வருகிறவர்கள் வீட்டில் இருந்தால் அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு தூரம்கூட வேண்டாம் என்றால் தர்மபுரிக்குப் பக்கத்திலேயே வத்தல்மலை இருக்கிறது. சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போகலாம், ரூம் செலவும் இல்லை.

ஒகேனக்கல் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிளம்புகிற அன்று காலைச் செய்தியில், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று, தடை இருக்கும்போது தனியாக ஆள் பிடித்துப் பரிசல் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்நாடகத்தில் பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போதுதான் வந்து சேரும், வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்க முடியாது. தடை இல்லாத நாளிலும் லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கிக் கட்டுங்கள். செல்பிக்காக அதைக் கழற்றாதீர்கள். குளிப்பது அதற்கென்று விட்ட இடத்தில் மட்டும். தடை என்றால் எண்ணெய் மசாஜ், மீன் வறுவல், தொங்கு பாலம் என்று நாள் நன்றாகவே போகும்.

மலையிலிருந்து இறங்கும்போது, எங்கள் வண்டியோ வேறு வண்டியோ, ஓட்டுநர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் உடனே தடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக் கருகும் வாடை வந்தால் ஓரம்கட்டி, சூடு ஆறும்வரை அரை மணி நிற்கச் சொல்லுங்கள். "நேரமாகிறது" என்று நீங்கள் அவசரப்படுத்தாமல் இருந்தாலே எங்கள் ஓட்டுநர்களுக்குப் பாதி பாரம் குறையும்.

விலை குறைவு என்று வெள்ளை போர்டு காரை வாடகைக்குப் பிடிக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு என்று இன்சூரன்ஸ் எடுத்த வண்டி அது. வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் இழப்பீடு வாங்குவது பெரும் பாடு. மஞ்சள் போர்டு வண்டியிலும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட் மூன்றின் தேதியையும் கேட்டுப் பாருங்கள். எங்களிடம் கேட்டால் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவோம். ரூமுக்கு இணையத்தில் பார்த்த நம்பருக்கு முழுப் பணத்தையும் அனுப்ப வேண்டாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033, ஆம்புலன்ஸுக்கு 108. சுகர், பிரஷர் மாத்திரையை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள், ஒரு பை லாட்ஜில் மறந்தாலும் இன்னொன்று கையில் இருக்கும்.

வண்டிக்குப் போன் செய்யும்போது எத்தனை பேர், அதில் பெரியவர்கள், கைக்குழந்தைகள் எத்தனை, எந்தத் தேதியில் திரும்ப வேண்டும் என்று சொல்லுங்கள். செவ்வாய், புதன், வியாழனில் போக முடிந்தால் அதையும் சொல்லுங்கள், ரூமும் மலிவாகக் கிடைக்கும், ரோட்டிலும் கூட்டம் இருக்காது. காலை ஐந்தரைக்கு வண்டி உங்கள் வாசலில் நிற்கும். முந்தின இரவு ஓட்டுநர் அவர் வீட்டில் தூங்கியிருப்பார்.

அன்புடன்,
உங்கள் வண்டிக்காரர்,
தர்மபுரி