சிறுவர் நூல் அச்சிடும் யாழ்ப்பாணத்துப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

தரம் 1, 2 பிள்ளைகளுக்கென நீங்கள் வெளியிடும் கதைப் புத்தகங்களின் பக்க அமைப்புப் பற்றி எழுதுகிறோம்.

படங்கள் கூடக்கூடப் பிள்ளை விரும்பி வாசிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். விரும்பிப் பார்க்கும்; வாசிப்பது வேறு. 2020 இல் வெளியான, அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வொன்றில், இந்த வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கையில் அவர்களின் கண் போகும் இடத்தை அளந்தார்கள். கதைக்கு வேண்டாதவற்றைப் படத்திலிருந்து நீக்கியதும் கண் அலைவது குறைந்தது; கதையும் நன்றாக விளங்கியது. ஆகவே மாடு புல் தின்னும் பக்கத்தில் மாடும் புல்லும் போதும். வானவில் வேண்டாம். படத்தின் மேல் எழுத்தை அச்சிடவே வேண்டாம்.

எழுத்தமைப்பில்தான் எங்களுக்குப் பெரிய கவலை. ‘கொ’வில் கொம்பு முன்னே, அரவு பின்னே; ஒலியோ நடுவிலுள்ள எழுத்தில் தொடங்குகிறது. மூன்றையும் பிள்ளை ஒன்றாகப் பிடிக்க வேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கொம்பு தனியாகத் தட்டப்படுகிறது; மென்பொருள் அதை ஆங்கில எழுத்தாகவே எண்ணுகிறது. ஆகவே வரி முடிவில் சொல்லை உடைக்கும் ஆங்கிலச் சொற்பிரிப்பை (hyphenation) நிறுத்தாவிட்டால் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் விழலாம். ‘காரம்’ என்று அச்சிட்டுப் பாருங்கள்: அரவுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அந்த எழுத்துரு இந்த வயதுக்கு ஆகாது. எழுத்தின் அளவை 24 புள்ளி (point), வரிக்கு வரி 36 புள்ளி என வையுங்கள். நெருக்கினால் மேல்வரி ‘சு’, ‘பு’வின் கீழ்ப்பகுதி, கீழ்வரியில் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் விசிறியில் முட்டும். வலது ஓரத்தை நேராக்க வேண்டாம். ‘விளையாடிக்கொண்டிருந்தாள்’ போன்ற நீண்ட சொல் அடுத்த வரிக்குப் போனதும் மிச்சச் சொற்களுக்கிடையே பள்ளம் விழும்.

எழுத்துக் கூட்டி ஒழுங்காக வாசித்த பிள்ளை, என்ன வாசித்தாய் என்றால் முழிப்பதும் உண்டு. ஒலியையும் பொருளையும் ஒருசேர மனத்தில் வைக்கப் பழக வேண்டும். கடைசிப் பக்கத்தில் வெட்டியெடுக்க 12 பட அட்டைகள் தாருங்கள்: பசு, பன்றி, பல்லி, பப்பாசி, பலாப்பழம், பயித்தங்காய், கரடி, கழுதை, கங்காரு, கத்தரிக்காய், கறிமிளகாய், கரட். பக்கத்தில் நான்கு கட்டம்: மேலே ‘ப’, கீழே ‘க’, இடப்பக்கம் விலங்கு, வலப்பக்கம் காயும் பழமும். அட்டையைக் கலைத்துக் கொடுத்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் யோசித்தே பிள்ளை அடுக்க வேண்டிவரும்.

அச்சுக்குப் போகுமுன் மாதிரிப் பிரதியைச் சில பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ‘மாடு புல் தின்கிறது’ என்பதை ‘தின்னுது’ என்றால் பிள்ளை வாசித்துவிட்டுத் தன் பேச்சில் சொல்கிறது, குறையில்லை. ‘மேயுது’ என்றால் படத்தைப் பார்த்து ஊகித்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் எழுத்தை மேலேயும் படத்தைக் கீழேயும் மாற்றிவைத்து, வேறு பிள்ளைகளிடம் திரும்பக் கொடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு வாசிப்பு ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.