இளவரசி உடையும் நார்வேயின் புனாடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாறுவேடப் போட்டி உடைகளைப் பற்றித் தங்கள் மகளிர் பக்கத்தில் வந்த கட்டுரையில், 2013ஆம் ஆண்டு வெளியான ‘ஃப்ரோஸன்’ அனிமேஷன் படத்தின் இளவரசி ஆனா அணியும் உடையை நார்வேயின் ‘புனாட்’ என்றே குறிப்பிட்டிருந்தார்கள். அது புனாடைத் தழுவிய கற்பனை உடையே தவிர, புனாட் அன்று.

புனாட் என்பது பகுதிக்குப் பகுதி வேறுபடும் மரபுடை; அரசமைப்பு நாளான மே 17 அன்று அந்நாட்டுத் தெருவெங்கும் அதைக் காணலாம். அதன் முறைமை சற்றே பிசகினாலும் குறை சொல்பவர்களை ‘புனாட் போலீஸ்’ என்று அந்நாட்டவரே கேலி செய்வதுண்டு. ஆனாவின் கறுப்பு மேற்சட்டையில் சுருண்டு கிளைக்கும் பூக்கொடிகளோ, 18ஆம் நூற்றாண்டில் நார்வே கிராமத்து வீடுகளின் மரப்பெட்டிகளிலும் சுவர்களிலும் தீட்டப்பட்ட ‘ரோஸ்மாலிங்’ ஓவியத்தின் சாயலில் அமைந்தவை.

என் பேத்திக்கு ஆனாவின் உடையைத் தைத்தபோது, கடையில் விற்கும் அச்சிட்ட பாலியஸ்டர் உடை வேண்டாமென்று கறுப்பு வெல்வெட் வாங்கி, கொடிகளைச் சங்கிலித் தையலில் போட்டேன். வெல்வெட்டின் மயிரிழை படியும் திசையைப் பாராமல் வெட்டிவிட்டதால் இடப்பக்கத் துண்டு மட்டும் வெளிறித் தெரிய, இன்னும் ஒரு மீட்டர் வாங்க வேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டுகளாகத் தைப்பவளுக்கே இந்தக் கதி! பூவேலையை முழுவதும் முடித்த பிறகே பக்கத் தையல்களை மூட்ட வேண்டும் என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

பெயர்ப் பிழைக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி