செயலாளர் ஆண்டறிக்கை: மருந்துவாழ் மலையும் நம் சாக்குகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

படிப்பகம், பொங்கல் விளையாட்டுப் போட்டி, மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வேண்டியது மருந்துவாழ் மலையில் நாம் குப்பை பொறுக்குவதைப் பற்றி. "அவனவன் போட்டுட்டுப் போறத நாம எதுக்குப் பொறுக்கணும்?" என்று போன பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். அன்று யாரும் வாய் திறக்கவில்லை.

வனத்துறையிடம் சொல்லிவிட்டு, மாதம் ஒரு ஞாயிறு அடிவாரத்துப் பொற்றையடி வழியாகச் சாக்கோடு ஏறினோம். ஆனி, ஆடி காற்றில் மட்டும் ஏறவில்லை. அந்தக் காற்றில் சாக்கே கையில் நிற்காது. மேலே கிடக்கும் கவர்களைக் காற்றே கீழே வயலுக்கும் குளத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்கள், திரும்பும்போது செருப்பை மறப்பதில்லை. தண்ணீர் பாட்டிலை மறந்துவிடுகிறார்கள். திருக்கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் எண்ணெய் பாக்கெட்டும் கற்பூரக் கவரும் வழிநெடுகக் கிடந்தன. வெளியூர்க்காரரைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்தக் கவர்களில் அச்சடித்திருந்தது நம்மூர்க் கடைப் பெயர்கள்தான். அக்கானி, அதாவது பதநீர், குடித்த ஓலைப்பட்டையைத் தூக்கி எறிந்து பழகிய கை நமக்கு. பட்டை மண்ணோடு மண்ணாகிவிடும். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் டம்ளருக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

குப்பிதான், அதாவது கண்ணாடி மதுபாட்டில்தான், பெரிய பாடு. பாறை இடுக்கில் உடைந்து கிடப்பதை இடுக்கியால் ஒவ்வொரு சில்லாக எடுக்க வேண்டும். உடையாத குப்பி ஒன்றை மூத்த உறுப்பினர் ஒருவர் கவிழ்த்தார். வண்டுகளோடு ஒரு அரணையும் காய்ந்துபோய் விழுந்தது. உள்ளே நுழைந்த உயிருக்கு வழுக்கும் கண்ணாடியில் ஏறி வர முடியவில்லை. அன்று மதியம்வரை அவர் யாரிடமும் பேசவில்லை.

நம் தவறு இரண்டைச் சொல்லியாக வேண்டும். பாதி வழியில் குப்பைத்தொட்டி வைத்தோம். குரங்குகள் ஒரே நாளில் கவிழ்த்து, தின்பண்டக் கவர்களை மரத்துக்கு மரம் கொண்டுபோய்விட்டன. தொட்டியைக் கண்டதும் ஆட்களும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதை அங்கே கொட்டினார்கள். எடுத்துவிட்டோம். இரண்டாவது, அடிவாரத்தில் சேர்த்த குப்பையைக் கொளுத்தியது. காய்ந்த புல்லில் தீ தாவி, பச்சைக் குழையால் அடித்து அணைக்கும்போது எல்லாருக்கும் உயிர் போய் வந்தது. இனி கொளுத்துவது கிடையாது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

கீழே இறக்கிய பிறகும் தலைவலி தீரவில்லை. தண்ணீர் பாட்டிலை ஆக்கர் கடைக்காரர், பழைய சாமான் வாங்குகிறவர், எடுத்துக்கொள்வார். சிப்ஸ் கவரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருப்பதால் அவருக்கு வேண்டாம். உடைந்த கண்ணாடியும் வேண்டாம். அதற்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். "மலைக்குப்பை எங்கள் எல்லையில் வராது" என்றார்கள். நீலகிரியில் 2022-இல், உயர்நீதிமன்றம் சொன்னபின், மதுக்குப்பிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, குப்பி திரும்ப வந்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது. பத்து ரூபாய் கிடைக்கும் என்றால் எவனும் பாறையில் அடித்து உடைக்கமாட்டான்.

திட்டுவதால் பயனில்லை என்பதையும் கண்டோம். குடித்துக்கொண்டிருந்த பையன்களிடம் நம் பொருளாளர் சண்டைக்குப் போகாமல் சாக்கை நீட்டி, "மக்ளே, எறங்கும்போ இத கீழ கொண்டு வச்சிரு" என்றார். மூன்று பேர் கொண்டுவந்து வைத்தார்கள். நாலாமவன் தன் குப்பியைப் புதருக்குள் எறிந்தான். போன பொதுக்குழுவில் கேள்வி கேட்ட அந்த உறுப்பினரே போய் அதை எடுத்துவந்தார், எதுவும் சொல்லவில்லை.

அடுத்த நடை வரும் ஞாயிறு காலை 6 மணி. சாக்கும் இடுக்கியும் மன்றம் தரும். கையுறை போன முறை காணாமல் போனதால் அவரவர் கொண்டுவரவும். காலை இட்லி வாழையிலையில்.

நன்றி.
செயலாளர்